குளிர்மலை வேட்டையும் பூட்ஸும்: ஒரு நீண்ட பதிவு

பதிவு நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவன் கனடாவில் கால்கரியில் இருக்கிறான். பெயரைப் போடாதீர்கள் சார் என்று கேட்டுக்கொண்டான். அவன் அம்மாவும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர். நவம்பரில் அலுவலக நண்பர்கள் ராக்கி மலையடிவாரத்துக்கு எல்க் மான் வேட்டைக்குப் போகிறார்களாம். இவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். "சார், கடைல நூறு வகை பூட்ஸ் வெச்சிருக்கான். விலை அதிகமா இருக்கறதுதான் நல்லதா? எதைப் பார்த்து வாங்கணும்?" என்று கேட்டு எழுதியிருந்தான்.

முதலில் ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம். அங்கே உரிமம் வாங்கி, குறித்த பருவத்தில், குறித்த எண்ணிக்கையில் ஆடுகிறார்கள். அது சரியா தப்பா என்ற வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். துப்பாக்கி தூக்காமல் கூடப் போகிறவனுக்கும் கால் இருக்கிறது, அதில் பத்து விரல் இருக்கிறது. என் கவலை அந்தப் பத்தைப் பற்றித்தான்.

ஆயுள் முழுக்கத் தோல் செருப்பு போட்டு நடந்த எனக்குக் குளிர்மலை பூட்ஸைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் சிரிப்பீர்கள். போட்டுப் பார்த்ததில்லை, வாஸ்தவம். ஆனால் இந்தக் கேள்விக்கு மனிதன் ஐயாயிரம் வருஷமாகப் பதில் தேடியிருக்கிறான். ஒவ்வொரு பதிலுக்கும் யாரோ கால் விரலை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்கிறேன். கடையில் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அதிலேயே வந்துவிடும்.

குளிர் காலைக் கெடுப்பது இரண்டு விதம். ஒன்று பனிக்கடி: சதையே உறைந்து போவது. இன்னொன்றுக்கு உறைபனி தேவையே இல்லை. நாலைந்து டிகிரி குளிரில், நனைந்த பூட்ஸுக்குள் கால் நாள்கணக்கில் கிடந்தாலே போதும். ரத்த ஓட்டம் சுருங்கி, மரத்து, வீங்கி, சில சமயம் அழுகவும் செய்யும். அதற்கு 'ட்ரெஞ்ச் ஃபுட்' என்று பெயர், பதுங்குகுழிப் பாதம். இரண்டுக்கும் பெரிய கூட்டாளி ஈரம். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சூட்டை ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாகக் கடத்தும். நனைந்த கம்பளி போர்த்தி மார்கழி விடியலில் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈரம் வெளியே பனியிலிருந்தும் வரும், உள்ளே வியர்வையிலிருந்தும் வரும். இந்த இரண்டாவது ஈரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பெரிய படையையே அது ஆட்டிவைக்கும்.

1991 செப்டம்பரில் ஆஸ்திரிய, இத்தாலிய எல்லையில், ஆல்ப்ஸ் மலையில் 3,210 மீட்டர் உயரத்தில், மலையேறப் போன ஜெர்மானியத் தம்பதி பனியில் ஒரு உடலைப் பார்த்தார்கள். அது சுமார் 5,300 வருஷம் பழைய உடல் என்று பிறகு தெரிந்தது. 'ஏட்ஸி' என்று உலகமே அழைக்கும் ஆள் அவர்தான். வில்லும் அம்பும் வைத்திருந்தார். கடைசியில் வேறொருவர் எய்த அம்பு தோளில் பாய்ந்துதான் செத்தார். எனக்கு அவர் காலணி மேலேதான் கண். அடிப்பாகம் கரடித்தோல். மேல்பாகம் மான் தோல். உள்ளே லிண்டன் மரத்து நாரில் வலை பின்னி, அந்த வலைக்கும் தோலுக்கும் நடுவே காய்ந்த புல்லைத் திணித்திருக்கிறார்கள். அடியில் குறுக்கே ஒரு தோல்வார், சறுக்காமல் இருக்க. செக் நாட்டில் ஸ்லீன் நகரத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெட்ர் ஹ்லவாச்செக் இதே மாதிரி காலணி செய்து மலையில் நடக்கவிட்டுப் பார்த்தார். கதகதப்பாக, வசதியாகவே இருந்ததாம்.

புல் என்ன செய்கிறது? காற்றைப் பிடித்து வைக்கிறது, வியர்வையையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஸ்காண்டிநேவியாவின் வடகோடியில் கலைமான் மேய்க்கும் சாமி மக்கள் கலைமான் தோல் காலணிக்குள் ஒரு வகைக் கோரைப்புல்லைத் திணித்து நடந்தார்கள். ராத்திரி அதை உதறிக் காயவைத்து, காலையில் மறுபடி திணிப்பார்கள். தென் துருவத்துக்குப் போன ஸ்காட்டின் ஆட்கள் காலிலும் அதே காலணி, அதே புல். கனடாவின் வடக்கே பழங்குடி வேட்டைக்காரர்கள் மூஸ் மான் தோலில் மெத்தென்ற மொக்காசின் தைத்து, உள்ளே கம்பளியோ முயல் ரோமமோ சுற்றிக்கொண்டார்கள். உலர்ந்த பொடிப் பனியில் இவற்றை அடிக்கக் காலணி கிடையாது. லேசு, இறுக்கம் இல்லை, வியர்வை தோல் வழியாக வெளியேறிவிடும். வெயில் அடித்துப் பனி சொதசொதவென்று இளகியதோ, கதை முடிந்தது. தோல் தண்ணீரைக் குடித்துவிடும்.

இதே இடத்தில் இன்னொரு செய்தி. ஸ்காட்டை முந்திய நார்வேக்காரர் அமுண்ட்சன் 1911 செப்டம்பர் 8 அன்று அவசரப்பட்டுத் துருவத்துக்குக் கிளம்பினார். மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனது. கூட வந்தவர்களில் சிலருக்குக் குதிகால் உறைந்து, திரும்பி ஓடி வந்தார்கள். அவர்களுடைய பனிச்சறுக்கு பூட்ஸ் விறைப்பானது. அதைத் தையல் பிரித்து, பெரிதாக்கி, உள்ளே இன்னும் சில சாக்ஸுக்கு இடம் வரும்படி மறுபடி மறுபடி தைத்திருக்கிறார்கள். இறுக்கமான பூட்ஸ் எத்தனை தடிமனாக இருந்தாலும் குளிரும். ரத்தமும் ஓடாது, காற்றுக்கும் இடமிருக்காது. தடித்த சாக்ஸ் இரண்டைப் போட்டு, அதன் மேல் பூட்ஸைத் திணித்து, "இன்னும் ஏன் குளிர்கிறது?" என்று கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

சரி, குளிரைச் சமாளித்தாயிற்று. மலையை என்ன செய்வது?

ஆல்ப்ஸ் மலையில் ஷாமுவா என்று ஒரு விலங்கு உண்டு, நம் நீலகிரி வரையாடு மாதிரி செங்குத்துப் பாறையில் ஓடும். அதை வேட்டையாடியவர்கள்தான் பின்னாளில் மலையேறிகளுக்கு வழிகாட்டிகள் ஆனார்கள். 1786 ஆகஸ்ட் 8 அன்று மருத்துவர் பக்கார்டுடன் முதன்முதலில் மோ பிளாங்க் சிகரம் ஏறிய ஜாக் பல்மா, பளிங்குக்கல் தேடியும் ஷாமுவா ஆடியும் பிழைத்தவர். இவர்கள் செருப்புக்கு அடியில் முள் வைத்த இரும்பைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். பிறகு வந்தது ஆணி பூட்ஸ். அந்தக் காலப் போலீஸ்காரர் பூட்ஸில் லாடம் அடித்திருக்கும், தெருமுனையில் வரும்போதே சத்தம் கேட்கும், நினைவிருக்கிறதா? அதே சங்கதிதான், இன்னும் முரடாக. தடித்த தோல் சோலில் வரிசை வரிசையாக இரும்பு ஆணி. ஸ்காட்லாந்து மலைச்சரிவில் மான் வேட்டைக்கு வழிகாட்டியவர்களும் அதைத்தான் போட்டார்கள். ஈரப் புல், சேறு, பாசிப் பாறை எல்லாவற்றிலும் ஆணி நன்றாகப் பிடிக்கும். ஆனால் இரும்பு குளிரைக் கடத்தும். ஒவ்வொரு ஆணியும் பாதத்துக்கும் பனிக்கும் நடுவே ஒரு வாய்க்கால். சூடு அதன் வழியே இறங்கிப் போகும். எடையும் அதிகம்.

1924-ல் எவரெஸ்ட்டில் காணாமல் போன மாலரியின் உடல் 1999 மே 1 அன்று, எட்டாயிரம் மீட்டருக்கு மேலே கிடைத்தது. ஒரு காலில் ஆணி அடித்த தோல் பூட்ஸ் அப்படியே இருந்தது. கூடப் போன இர்வினின் கால், பூட்ஸோடு, 2024-ல் பனியாற்றில் வெளிப்பட்டது. சாக்ஸில் அவர் பெயர்த் துணி தைத்திருந்தது. பள்ளி விடுதிக்குப் போகும் பிள்ளைக்குத் துணியில் பெயர் தைத்து அனுப்புவோமே, அதுபோல. அவருக்கு வயது 22.

இப்போது அமெரிக்காவுக்கு வருகிறேன். வேட்டை பூட்ஸின் நவீன வரலாறு தொடங்குவது அங்கே ஒரு சின்னக் கடையில்.

மெய்ன் மாநிலம், ஃப்ரீபோர்ட் என்ற ஊர். லியோன் லியோன்வுட் பீன் என்று ஒரு கடைக்காரர். 1872-ல் பிறந்தவர், சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர், வேட்டைப் பித்து. மெய்ன் காடு எப்படிப்பட்டதென்றால் சதுப்பு, ஓடை, உருகிய பனி, நடுநடுவே சின்னச் சின்னக் குன்று. மரம் வெட்டுகிறவர்கள் போடும் கனத்த தோல் பூட்ஸைத்தான் வேட்டைக்காரர்களும் போட்டார்கள். அரை நாளில் அது நனைந்து கால் கெட்டுவிடும். ரப்பர் பூட்ஸ் போட்டாலோ முழங்கால் வரை வியர்வையில் வேகும், நடக்கவும் முடியாது. 1911 வாக்கில் இப்படி ஒரு வேட்டையில் கால் நனைந்து திரும்பிய பீனுக்கு ஒரு யோசனை வந்தது. பாதத்துக்கு மட்டும் ரப்பர். கணுக்காலுக்கு மேலே லேசான தோல். தண்ணீர் இருக்கும் இடத்தில் தண்ணீர் புகாத பொருள், வியர்வை வெளியேற வேண்டிய இடத்தில் மூச்சுவிடும் பொருள். ஊரில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து, ரப்பர் மேலுறைக் காலணியின் அடிப்பாகத்தோடு தோலைச் சேர்த்துத் தைக்கச் சொன்னார்.

விற்ற விதம்தான் சாமர்த்தியம். வெளி மாநிலங்களிலிருந்து மெய்னுக்கு வேட்டை உரிமம் வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியலைப் பிடித்து, 1912-ல் அத்தனை பேருக்கும் தபாலில் விளம்பரத் தாள் அனுப்பினார். திருப்தி இல்லை என்றால் பணம் வாபஸ் என்று வாக்கும் கொடுத்தார். முதல் நூறு ஜோடி விற்றது. அதில் தொண்ணூறு திரும்பி வந்தது! தையல் போட்ட இடத்தில் மெல்லிய ரப்பர் கிழிந்து, தோல் தனியாக ரப்பர் தனியாகப் பிரிந்துவிட்டது. மனிதர் தொண்ணூறு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடன் வாங்கினார். பெரிய ரப்பர் கம்பெனியிடம் பேசித் தையல் தாங்கும் தடித்த ரப்பர் அடிப்பாகம் செய்ய வைத்தார், மறுபடி விற்றார். அந்தக் காலணி இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. என்னிடம் வணிகவியல் பிரிவுக்குப் போகிறேன் என்று சொல்லிச் சென்ற பிள்ளைகள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கலாம்.

ரப்பர் என்றதும் ஒரு கிளைக்கதை. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் உடையும். 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அதைப் பதப்படுத்தக் கண்டுபிடித்த பிறகுதான் ரப்பர் காலணி என்பதே சாத்தியமானது. அமேசான் காட்டு மரத்துப் பாலை நம்பியிருந்த அந்தத் தொழில், பீன் கடை தொடங்கிய அதே ஆண்டுகளில் ஆசியத் தோட்ட ரப்பருக்கு மாறியது. மலாயாத் தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி நம் தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்துச் சனங்கள். பனியையே பார்க்காத அவர்கள் வடித்த பால் யார் யார் காலிலோ ஏறிப் பனியில் நடந்தது. நம் குடும்பத்திலேயே ஒரு கிளை ஈப்போ பக்கம் அப்படிப் போனதுதான், பெரியவர்களுக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்தில் முதல் உலகப் போர் வந்துவிட்டது. 1914-15 குளிர்காலத்தில் பிரான்ஸிலும் ஃபிளாண்டர்ஸிலும் பதுங்குகுழித் தண்ணீரில் நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களில் சுமார் 20,000 பேர் அந்தப் பாத நோயில் விழுந்தார்கள். பிறகு ராணுவம் பாடம் படித்தது: தினம் காய்ந்த சாக்ஸ், காலில் திமிங்கில எண்ணெய், ஜோடி சேர்ந்து ஒருவர் காலை ஒருவர் பார்ப்பது, கால் கெட்டால் அதிகாரி பதில் சொல்வது. எடின்பரோவில் இருந்த நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனி மட்டும் போர் முடிவதற்குள் 11,85,036 ஜோடி ரப்பர் பூட்ஸ் செய்து கொடுத்தது. தோல் பூட்ஸின் மேல்தோலுக்கு நம் சென்னை மாகாணத்திலிருந்து ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல் கப்பல் கப்பலாகப் போனது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பெண் கொடுத்தவர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பீனின் காலணி சதுப்புக்காட்டுக்குச் சரி. மலைக்கு? அதன் அடிப்பாகம் மெலிந்தது, வளைவது. சங்கிலி போன்ற மெல்லிய வரிதான் பிடிப்பு. இலைச்சருகில் சத்தமில்லாமல் நடக்க அருமை. செங்குத்துச் சரிவில் குறுக்காக நடந்தால் கால் உள்ளேயே புரளும். மலைக்கான பதில் இன்னொரு சாவு வீட்டிலிருந்து வந்தது.

1935 செப்டம்பர். இத்தாலிய மலையேறிகளின் குழு ஒன்று பூந்தா ரசிகா என்ற சிகரத்துக்குப் போனது. அந்தக் காலத்து வழக்கம் இப்படி: அடிவாரம் வரை ஆணி பூட்ஸ், பாறை தொடங்கியதும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, மெல்லிய துணி அடி வைத்த காலணிக்கு மாறுவது. பாறைக்கு அது பூனைக்கால் மாதிரி ஒட்டும். மேலே போனபோது பனிப்புயல் பிடித்துக்கொண்டது. பாறை பனிக்கட்டியானது. துணிச் செருப்பில் இறங்க முடியவில்லை. ஆறு பேர் உறைந்து செத்தார்கள். அவர்களை இழந்த நண்பர்களில் விட்டாலே பிரமானி என்ற மிலான் நகர வழிகாட்டியும் ஒருவர். பாறைக்கும் பனிக்கும் ஒரே சோல் செய்ய முடியாதா என்று அவர் அலைந்தார். பிரெல்லி டயர் கம்பெனியின் உதவியோடு, ஆழமான பள்ளமும் மேடும் அச்சிட்ட ரப்பர் சோலைச் செய்து 1937-ல் காப்புரிமை வாங்கினார். இத்தாலிய மொழியில் அதற்கு வைத்த பெயருக்கு டாங்கி என்று அர்த்தம். அவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் கம்பெனி பெயர்: விப்ரம். 1954-ல் கே2 சிகரத்தில் முதலில் கால் வைத்த இத்தாலியர்கள் அந்தச் சோலில்தான் ஏறினார்கள்.

இன்று எந்த மலை பூட்ஸைத் திருப்பினாலும் தெரியும் அந்த முரட்டு அச்சு ஆறு பேர் சாவிலிருந்து வந்தது. இரும்பு போனதால் குளிர் கடத்தும் வாய்க்கால்களும் போயின. ஆனாலும் ஈரப் பாறையிலும் ஈரப் புல்லிலும் ஆணிதான் மேல் என்று பிரிட்டனில் பலர் 1950கள் வரை அடம் பிடித்தார்கள். அதில் நியாயமும் உண்டு. ஈரமான வழுக்குப் பாறையில் ரப்பர் சறுக்கும், இன்றும் சறுக்கும். அங்கே பூட்ஸை நம்பாதே, தடியை நம்பு.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி.

1943 மே. அலாஸ்காவுக்கு மேற்கே அட்டு என்ற மலைத்தீவு. ஜப்பானியரிடமிருந்து மீட்க அமெரிக்கா அனுப்பிய படை கலிபோர்னியாப் பாலைவனத்தில் பயிற்சி பெற்றது. காலில் சாதாரணத் தோல் பூட்ஸ். மூன்று வாரத்துக்கும் குறைவான சண்டை. செத்தவர்கள் 549 பேர்; குளிரில் கால் கை கெட்டவர்கள் சுமார் 1,200 பேர். ராணுவம் விழித்துக்கொண்டது. ரப்பர் அடி, தோல் மேல், உள்ளே கழற்றிப் போடும் கம்பளி அட்டை என்று பனி பூட்ஸ் கொடுக்கத் தொடங்கியது. 'ஷூபேக்' என்பார்கள். பார்த்தால் பீனின் வேட்டைக் காலணிக்குச் சொந்தத் தம்பி. பீனையே குளிர்கால பூட்ஸ் விஷயத்தில் ராணுவம் ஆலோசனைக்கு அழைத்திருந்தது.

அப்புறம் 1950 நவம்பர் கடைசி. கொரியாவில் சோசின் நீர்த்தேக்கம். மலைப்பாதை, சுற்றிலும் சீனப்படை, ராத்திரி மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே. அமெரிக்க மரைன் படையினர் காலில் இந்த ஷூபேக். மலை ஏறி நடக்கும்போது ரப்பருக்குள் கால் வியர்க்கும். வியர்வை போக வழியில்லை, சாக்ஸும் அட்டையும் ஊறிவிடும். மேலே ஏறி, குழி வெட்டி, காவல் உட்கார்ந்ததும் அந்த வியர்வை பூட்ஸுக்குள்ளேயே பனிக்கட்டியாகும். சாக்ஸ் மாற்ற வேண்டும், அட்டையை உடம்போடு வைத்துக் காயவைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். குண்டு பறக்கும்போது யார் பூட்ஸைக் கழற்றுவது? ஆயிரக்கணக்கானவர்கள் பனிக்கடியில் விழுந்தார்கள். பூட்ஸ் கிழியவில்லை, வெளித் தண்ணீர் ஒரு சொட்டு புகவில்லை. அவரவர் வியர்வையே அவரவர் காலை உறைய வைத்தது.

யோசித்துப் பாருங்கள், வேட்டைக்காரன் நாளும் இதே மாதிரிதான். விடிவதற்கு முன் இரண்டு மணி நேரம் மலை ஏறுவான், வியர்த்துக் கொட்டும். பிறகு மான் வரும் வழியைப் பார்த்து மூன்று மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்காருவான். நடக்கிற காலுக்கு ஏற்ற பூட்ஸ் உட்காருகிற காலுக்கு ஆகாது. உட்காருகிற காலுக்கு ஏற்றது நடக்கும்போது வேகவைக்கும். கடைக்காரர் ஒரே பூட்ஸில் இரண்டும் நடக்கும் என்று சொன்னால், சிரித்துவிட்டு அடுத்த அலமாரிக்குப் போய்விடு.

சோசினுக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் விசித்திரமான பதில் ஒன்றைக் கண்டுபிடித்தது. கம்பளியை இரண்டு ரப்பர் அடுக்குக்கு நடுவே முழுக்க மூடி ஒட்டிவிட்டார்கள். வியர்வை வரட்டும், கால் ஈரமாகவே இருக்கட்டும்; சூட்டைக் காக்கும் கம்பளிக்குள் மட்டும் ஒரு துளி ஈரம் போகாது. கால் நனைந்திருக்கும், ஆனால் சூடாக இருக்கும். பெரிதாக, உருண்டையாக இருந்ததால் சிப்பாய்கள் வைத்த பெயர் 'மிக்கி மவுஸ் பூட்ஸ்'. விமானத்தில் பறக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று உப்பிவிடக்கூடாதே என்று பக்கவாட்டில் சைக்கிள் டியூப் மாதிரி ஒரு வால்வு வேறு. அலாஸ்காவில் இன்னும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. மலையேற லாயக்கில்லை.

இந்தப் பாடம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா என்றால், இல்லை. 1962 அக்டோபரில் நம் வீரர்கள் நம்கா சூ ஆற்றங்கரையில், பத்தாயிரம் அடிக்கு மேல், பருத்திச் சட்டையிலும் கேன்வாஸ் ஷூவிலும் நின்றார்கள். இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். என் வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதற்கு ஒன்பது வருஷம் முன்பே, 1953 எவரெஸ்ட் குழுவுக்கு பிரிட்டிஷ் காலணி ஆராய்ச்சி நிறுவனம் தனி பூட்ஸ் செய்து கொடுத்திருந்தது. மெல்லிய தோலுக்கும் உள்ளே தண்ணீர் புகாத உறைக்கும் நடுவே கிட்டத்தட்ட ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு பஞ்சை அடைத்திருந்தார்கள். என்ன பஞ்சு தெரியுமா? இலவம் பஞ்சு. நம் வீட்டுத் தலையணையில் இருக்கிற அதே இலவம்! கிளி காத்துக் காத்து ஏமாந்த அந்த மரத்துப் பஞ்சு எவரெஸ்ட் உச்சி வரை போயிருக்கிறது. அந்த பூட்ஸும் ஈரத்துக்குத் தப்பவில்லை. மே 29 காலையில், கழற்றி வைத்திருந்த ஹிலாரியின் பூட்ஸ் கல்லாக உறைந்து கிடந்தது. ஸ்டவ் நெருப்பில் காட்டி இளக்கிப் போட்டுக்கொண்டு கிளம்ப இரண்டு மணி நேரம் ஆனது.

இப்போது, தம்பி, கடைக்குப் போ.

முதலில் உன்னை அழைக்கிறவர்களைக் கேள்: நடந்து ஏறித் தேடும் வேட்டையா, ஓரிடத்தில் காத்திருக்கும் வேட்டையா? ராக்கி அடிவாரத்தில் எல்க் என்றால் பெரும்பாலும் நடைதான். அப்படியென்றால் எட்டு முதல் பத்து அங்குல உயரம், தோல் மேல்பாகம், பள்ளம் மேடு அச்சுள்ள ரப்பர் சோல். பூட்ஸின் நுனியையும் குதியையும் பிடித்து மடக்கிப் பார். சுலபமாக மடங்கினால் சரிவுக்கு ஆகாது. 200 கிராம், 400 கிராம், 800 கிராம் என்று எழுதியிருப்பான். அது பூட்ஸின் எடை என்று நினைத்துவிடாதே. உள்ளே வைத்த செயற்கைப் பஞ்சு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. ஏறுகிறவனுக்கு 200 போதும், 400-க்கு மேல் போனால் வியர்வைதான். 800, 1,000 எல்லாம் உட்காருகிறவனுக்கு. நாள் முழுக்க மரத்தடியில் காத்திருப்பதானால் ரப்பர் அடியும் கழற்றிக் காயவைக்கும் கம்பளி உள்ளுறையும் உள்ள பழைய மாதிரிதான் இன்றைக்கும் நல்லது. உள்ளுறை இரண்டு ஜோடி வாங்கிக்கொள்.

நீர் புகாத சவ்வு வைத்த பூட்ஸ் இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. 1969-ல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்து நீட்டிக் கண்டுபிடித்த சங்கதி அது. தண்ணீர்த் துளி புகாது, ஆவி வெளியேறும். நல்லதுதான். ஆனால் மேல்தோல் தண்ணீரில் ஊறிக் கனத்துவிட்டால் ஆவி போகும் வழி அடைபடும். அதனால் தோலுக்கு மெழுகு பூசுவதை விட்டுவிடாதே.

சாயங்காலம் கடைக்குப் போ. பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலைக்குப் போடப் போகிற கம்பளி சாக்ஸையே கொண்டு போ. பருத்தி சாக்ஸ் கூடவே கூடாது, நனைந்தால் நனைந்ததுதான். விரல்கள் உள்ளே தாராளமாக அசைய வேண்டும், குதிகால் மட்டும் தூக்கக்கூடாது. சரிவுப் பலகை இருந்தால் இறங்கிப் பார். விரல் நுனி முன்னால் இடித்தால் ஒரு அளவு பெரிதாகக் கேள். ஏறும்போது நல்லவனாக இருக்கும் பூட்ஸ் இறங்கும்போது நகத்தைப் பேர்த்துவிடும். வாங்கிய பிறகு குறைந்தது ஒரு மாதம் வீட்டிலும் தெருவிலும் போட்டு நட.

மலையில் ஏறும்போது முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திக்கொள், மேல்சட்டையைத் திற, வியர்க்காத வேகத்தில் நட. உட்காரும் இடம் வந்ததும், குளிர் தெரிவதற்கு முன்பே, பையிலிருக்கும் காய்ந்த சாக்ஸுக்கு மாறிவிடு. விரல் வலிக்கிற வரை பயமில்லை. வலி நின்று மரத்துப்போனால் வேட்டையை விட்டுவிட்டுக் கூடாரத்துக்கு வா. பனியை எடுத்துத் தேய்க்கச் சொல்லும் பெரியவர்கள் அங்கேயும் இருப்பார்கள். கேட்காதே, தேய்த்தால் சதை இன்னும் கெடும். நெருப்பிலும் காட்டாதே, மரத்த காலுக்குச் சுடுவது தெரியாது. உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேராக மருத்துவமனைதான்.

ராத்திரி பூட்ஸை அடுப்பருகே வைக்காதே, தோல் வெடிக்கும், சோலின் பசை விடும். உள்ளட்டையை உருவித் தனியே வை. பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணி. ஈரமானதும் எடுத்துவிட்டு வேறு திணி. கூடாரத்தில் படுத்தால் பூட்ஸை ஒரு பையில் போட்டுத் தூங்கும் பைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள். ஹிலாரிக்கு ஆனது உனக்கு ஆக வேண்டாம்.